மட்டத்தில் சரி, கம்பெனியில் ரிஜெக்ட்: ஜாப்பின் 90 டிகிரியை எப்படிப் பார்ப்பது?

கோவை கணபதியிலோ ஆவாரம்பாளையத்திலோ, கம்பெனிகளுக்கு உதிரிபாகம் (ஜாப்) செய்து தரும் ஒரு ஜாப் ஆர்டர் பட்டறை என்று வைத்துக்கொள்வோம். பம்ப் கம்பெனிக்கு 40 பிராக்கெட் மில்லிங் செய்து அனுப்புகிறார்கள். எல் வடிவம், அடிப்பக்கம் 40 மி.மீ, நட்டமாக நிற்கும் பக்கம் 160 மி.மீ. இரண்டே நாளில் மொத்தமும் திரும்பி வருகிறது. கூட வந்த தாளில் ஒரே வரி: பெர்பெண்டிகுலாரிட்டி 0.04, அனுமதி 0.03. அதாவது செங்குத்தில் 0.03 மி.மீ வரை பிழையைப் பொறுப்போம், உங்களுடையது 0.04.

போனில் நடக்கும் பேச்சு ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும்.

"ஏனுங்க, மட்டம் வெச்சுப் பாத்துத்தானுங்க அனுப்புனோம். ஒரு துளி வெளிச்சம் வரலீங்களே."

"எந்தப் பக்கத்த அடியில வெச்சுப் பாத்தீங்கண்ணா?"

(மட்டம் என்பது இங்கே எல் வடிவ மூலைமட்டம்.) அந்தக் கேள்வியில்தான் விஷயம் இருக்கிறது. பட்டறைக்காரர் பொய் சொல்லவில்லை, கம்பெனியின் இன்ஸ்பெக்டரும் வேண்டுமென்று தட்டிக் கழிக்கவில்லை. ஒரே ஜாப்பை இரண்டு பேரும் இரண்டு விதமாக உட்கார வைத்துப் பார்த்திருக்கிறார்கள். அவ்வளவுதான். ஆனால் இந்த "அவ்வளவுதான்" புரிய, கொஞ்சம் அடியிலிருந்து வரவேண்டும்.

## டிகிரியில் பேசினால் புரியாது

வீடு கட்டும் மேஸ்திரி கடைக்கால் போடும்போது கயிற்றில் 3 அடி, 4 அடி அளந்து குறுக்கே 5 அடி வருகிறதா என்று பார்ப்பார். வந்தால் மூலை 90 டிகிரி. அறையின் சுவர் கால் அங்குலம் ஓடிப்போனாலும் பூச்சில் சரியாகிவிடும். மெஷின் ஷாப்பில் பூச்சு வேலை கிடையாது.

1 டிகிரி என்பது கேட்கச் சின்னதாக இருக்கும். 100 மி.மீ உயரத்தில் அது 1.75 மி.மீ சாய்வு, கண்ணுக்கே தெரியும் கோணல். டிகிரியை 60 ஆகப் பிரித்தால் ஒரு நிமிடம். அந்த ஒரு நிமிடச் சாய்வுகூட 100 மி.மீ-க்கு 0.029 மி.மீ வரும், அதாவது 29 மைக்ரான். நம் பிராக்கெட்டுக்குத் தந்த அனுமதி 160 மி.மீ உயரத்துக்கு 0.03. கோணமாகச் சொன்னால் முக்கால் நிமிடம்கூடக் கிடையாது. பட்டறையில் இருக்கும் சாதாரண பெவல் புரோட்ராக்டர் (கோணமானி) 5 நிமிடம் வரைதான் படிக்கும். அதை வைத்து இந்த வேலையைப் பார்ப்பது, பழைய பேப்பர் கடைத் தராசில் தங்கம் நிறுப்பது மாதிரி.

அதனால்தான் டிராயிங்கில் செங்குத்தை மி.மீ-யில் தருகிறார்கள். படுத்த கோட்டின் மேல் ஒரு கோடு நட்டமாக நிற்கிற குறி, பக்கத்தில் 0.03, அதற்குப் பக்கத்தில் 'ஏ' என்ற எழுத்து. இதன் பொருள் இதுதான்: 'ஏ' என்று குறித்த பக்கத்துக்கு மிகச் சரியாக 90 டிகிரியில், 0.03 மி.மீ இடைவெளி விட்டு இரண்டு கண்ணாடித் தகடுகள் நிற்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். அளக்கும் பக்கம் முழுவதும் அந்த இரண்டு தகடுகளுக்கு நடுவில் அடங்கவேண்டும். சாய்ந்தாலும் வெளியே போகும். தொப்பை விழுந்தாலும், குழிந்தாலும் வெளியே போகும். சாய்வு, வளைவு எல்லாம் சேர்த்து ஒரே கணக்கு.

## 'ஏ' எது என்பதுதான் முதல் கேள்வி

செங்குத்து என்பது ஒரு பக்கத்துக்குத் தனியாக இருக்கும் குணம் கிடையாது. எதற்குச் செங்குத்து என்று சொன்னால்தான் அதற்குப் பொருள். அந்த "எதற்கு" என்பதை டேட்டம் என்கிறார்கள். டிராயிங்கில் கறுப்பு முக்கோணத்தின் தலையில் பெட்டி போட்டு எழுதியிருக்கும் எழுத்து அதுதான்.

நம் பிராக்கெட்டில் டேட்டம் 'ஏ', 40 மி.மீ அடிப்பக்கம். பட்டறையில் என்ன செய்திருப்பார்கள்? சின்ன அடிப்பக்கத்தில் நிறுத்தினால் ஜாப் ஆடும் என்று, பெரிய 160 மி.மீ பக்கத்தைச் சர்ஃபேஸ் பிளேட்டில் (சமதளமாகச் செய்த அளவுப் பலகை) படுக்கப்போட்டு, 40 மி.மீ பக்கத்துக்கு மூலைமட்டத்தைக் காட்டியிருப்பார்கள். யாரும் செய்வதுதான்.

இப்போது கணக்கைப் பாருங்கள். அடிப்பக்கம் 40 மி.மீ நீளத்தில் ஒரு ஓரம் மட்டும் 0.01 மி.மீ தூக்கி இருக்கிறது என்று வைப்போம்.

1. 160 பக்கத்தைப் படுக்க வைத்து 40 பக்கத்தைப் பார்த்தால், தெரியும் பிழை 0.01. அனுமதிக்குள் தாராளமாக வந்துவிடும்.
2. அதே ஜாப்பை 40 பக்கத்தின் மேல் நிறுத்தி 160 பக்கத்தைப் பார்த்தால், அந்த 0.01 நான்கு மடங்காகும். 160-ஐ 40-ஆல் வகுத்தால் 4, பிழை 0.04. ரிஜெக்ட்.

ஜாப் மாறவில்லை, கோணலும் மாறவில்லை. உட்கார்ந்த இடம் குட்டையாகவும் அளந்த இடம் நெட்டையாகவும் இருந்ததால் பிழை பெருகித் தெரிகிறது. ஸ்டூலின் காலுக்கு அடியில் ஒரு சின்னக் கல் மாட்டினால் மேலே உட்கார்ந்திருப்பவரின் தலை எவ்வளவு ஆடும், அதே கதை.

இதில் பட்டறைக்காரர் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. டிராயிங்கில் செங்குத்துக்கென்று தனியாக எதுவும் போடாமல், கீழே கட்டத்தில் "ஐஎஸ்ஓ 2768-எம்கே" என்ற பொது அனுமதி விதியின் எண்ணை மட்டும் போட்டு வருகிற ஜாப்கள் ஏராளம். அந்த விதியின்படி, செங்கோணத்தை உண்டாக்கும் இரண்டு பக்கங்களில் நீளமானதே டேட்டம். குட்டைப் பக்கத்தின் நீளத்தை வைத்து அனுமதி. 'கே' வகுப்பில் 100 மி.மீ வரைக்கும் 0.4 மி.மீ. வருடக்கணக்காக அந்த மாதிரி ஜாப்களையே பார்த்த கை, நீளமான பக்கத்தைப் படுக்க வைக்கத்தான் போகும். (இந்த 2768-இன் இரண்டாம் பகுதியை 2021-இல் விலக்கிக்கொண்டு, ஐஎஸ்ஓ 22081 கொண்டுவந்தார்கள். டிராயிங்குகளில் பழைய எண் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.) 'ஏ' என்று குறித்து வந்துவிட்டால் மட்டும் பழைய பழக்கம் செல்லாது.

## மூலைமட்டம் எவ்வளவு தூரம் நம்பிக்கைக்குரியது

ட்ரை ஸ்கொயர், ரைட் ஆங்கிள், மட்டம் என்று பட்டறைக்குப் பட்டறை ஒரு பெயர். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து இடைவெளி பார்ப்பது பழைய முறை என்றாலும் மட்டமான முறை இல்லை. கத்தி முனை வைத்த நல்ல ஸ்கொயரும் கிரைண்டிங் செய்த பக்கமும் சேர்ந்தால் 2, 3 மைக்ரான் இடைவெளியில்கூட வெளிச்சக் கீற்றைக் கண் பிடித்துவிடும். இடைவெளியில் நுழைத்துப் பார்க்கும் ஃபில்லர் கேஜின் மிக மெல்லிய தகடு பெரும்பாலும் 0.03 அல்லது 0.05 மி.மீ. கண் அதைவிடக் கூர்மை.

சிக்கல் வேறு இடத்தில். வெளிச்சம் "இடைவெளி இருக்கிறது" என்று சொல்லும், எவ்வளவு என்று சொல்லாது. மில்லிங் கோடுகள் விழுந்த பக்கத்தில் கோட்டு மேடுகளின் மேல் மட்டம் உட்கார்ந்துகொள்ளும். பிளேடு தடிமனாக இருந்தால், கொஞ்சம் திருகிப் பிடித்தாலே வெளிச்சம் மறைந்துவிடும்.

அதைவிடப் பெரிய சிக்கல் மட்டத்தின் தரம். டிஐஎன் 875 என்ற ஜெர்மன் தரவிதி, மட்டங்களை 00, 0, 1, 2 என்று நான்கு தரமாகப் பிரிக்கிறது. 160 மி.மீ பிளேடுக்கு அது அனுமதிக்கும் பிழையைக் கணக்குப் போட்டால், 00 தரத்துக்கு 3.6 மைக்ரான், 0-க்கு ஏறத்தாழ 8, 1-க்கு 18, 2-க்கு 36 மைக்ரான். நம் ஜாப்புக்கு அனுமதி 30 மைக்ரான். ஆக 2-ஆம் தர மட்டம் வைத்திருந்தால், அது புதிதாகப் பெட்டியிலிருந்து எடுத்ததாகவே இருந்தாலும், ஜாப்பின் அனுமதியைவிட மட்டத்தின் அனுமதி பெரிது! அளக்கும் கருவி, அளக்கப்படும் அனுமதியில் பத்தில் ஒரு பங்கு துல்லியமாவது வேண்டும் என்பது பொது வழக்கு. முடியாவிட்டால் நான்கில் ஒரு பங்கு. அந்தக் கணக்கில் 00 தரம் பத்தில் ஒன்றை நெருங்கும், 0 தரம் நான்கில் ஒன்றை ஒட்டி வரும். 1-ஆம் தரமே உதவாது.

அப்புறம், கீழே விழுந்த மட்டம். டேபிளிலிருந்து விழுந்ததை யாரும் பார்க்கவில்லை என்றால் எடுத்து அதே இடத்தில் வைத்துவிடுவது உலக வழக்கம். அதைச் சோதிக்கப் பெரிய செலவு ஒன்றும் இல்லை. நேரான ஓரம் உள்ள தகட்டில் நீலம் தடவி, ஓரத்தோடு மட்டத்தின் கட்டையை அணைத்து ஒரு கோடு கீறுங்கள். மட்டத்தைப் புரட்டி, கட்டை எதிர்த்திசையில் வரும்படி வைத்து, அதே புள்ளியிலிருந்து இன்னொரு கோடு. இரண்டு கோடும் ஒன்றின் மேல் ஒன்று விழுந்தால் மட்டம் பரவாயில்லை. மேலே போகப்போக விரிந்தால், அந்த விரிவில் பாதிதான் மட்டத்தின் பிழை. கோட்டின் பருமனே பிழையை மறைக்கும் என்பதால் இது முரட்டுச் சோதனைதான். விழுந்து நெளிந்த மட்டத்தைக் கண்டுபிடிக்கப் போதும், 10 மைக்ரான் பார்க்கப் போதாது.

## டயலை நிறுத்திப் பார்ப்பது

0.03, 0.02 என்று வரும் ஜாப்களுக்கு டயல் (முள் அசைந்து நுண்ணிய வித்தியாசத்தைக் காட்டும் கருவி) இல்லாமல் முடியாது. இதற்கு வாங்கவேண்டிய விலையுயர்ந்த மாஸ்டர் (ஒப்பிட்டுப் பார்க்கும் அசல் துண்டு) எதுவும் இல்லாமலே செய்யக்கூடிய ஒரு முறை இருக்கிறது. இது பல பட்டறைகளில் தெரிந்திருந்தும் செய்யாமல் விடுகிற ஒன்று என்பதால் கொஞ்சம் நிதானமாகவே பார்ப்போம்.

தேவையானவை: நல்ல சர்ஃபேஸ் பிளேட், ஒரு கோடு 0.01 அல்லது 0.002 படிக்கும் லீவர் டயல், கம்பத்தோடு கூடிய ஸ்டாண்ட். ஸ்டாண்டின் முன்பக்கம், பிளேட்டுக்குச் சற்று மேலே, ஒரு குண்டு அல்லது உருண்டை முனை அசையாமல் இருக்கவேண்டும். பழைய பேரிங்கின் குண்டு ஒன்றைப் பதித்துக்கொண்டாலும் சரி. டயலின் முனை அந்தக் குண்டுக்கு நேர் மேலே வரவேண்டும்.

1. எதிரெதிர்ப் பக்கங்கள் இணையாக உள்ள ஒரு பிளாக்கை எடுத்துக்கொள்ளுங்கள். மைக்ரோமீட்டர் போட்டு மேலும் கீழும் அகலம் ஒன்றாக வருகிறதா என்று பார்த்துவிடுங்கள். இது முக்கியம். மேலுக்கும் கீழுக்கும் 0.01 வித்தியாசம் இருந்தால் பின்னால் வரும் விடையில் 0.005 தவறாகும்.
2. பிளாக்கின் அடியையும் பிளேட்டையும் துடைத்து, உள்ளங்கையால் ஒருமுறை தடவிவிட்டு நிறுத்துங்கள். துணி கண்டுபிடிக்காத பொடியைக் கை கண்டுபிடிக்கும்.
3. குண்டு பிளாக்கில் முட்டும்வரை ஸ்டாண்டைத் தள்ளுங்கள். லேசாக இடவலமாக அசைத்து, முள் எங்கே போய்த் திரும்புகிறதோ அந்த எண்ணைக் குறியுங்கள். 0.12 என்று வைப்போம்.
4. பிளாக்கைத் தொடாமல் ஸ்டாண்டைச் சுற்றிக் கொண்டுபோய், எதிர்ப்பக்கத்தில் அதே மாதிரி பாருங்கள். 0.18 என்று வைப்போம்.

பிளாக் ஒரு பக்கம் சாய்ந்திருந்தால், ஒரு பக்கத்தில் டயலை விட்டு விலகிப் போகும், எதிர்ப்பக்கத்தில் அதே அளவு டயலை நோக்கி வரும். ஆகவே இரண்டு எண்ணுக்கும் உள்ள வித்தியாசம் 0.06, பிழையைப் போல் இரண்டு மடங்கு. பாதி 0.03தான் பிளாக்கின் சாய்வு, குண்டுக்கும் டயல் முனைக்கும் உள்ள உயரத்துக்கு. அந்த உயரம் 100 மி.மீ என்றால், 100-க்கு 0.03.

இதில் கிடைக்கும் இன்னொரு லாபம்: மிகச் சரியாக நட்டமாக நிற்கும் பக்கம் எதுவாக இருந்தாலும் இந்த ஸ்டாண்டில் 0.15 காட்டும். டயலின் வளையத்தைத் திருப்பி அந்த இடத்தைப் பூஜ்யம் ஆக்கிவிட்டால், டயலின் உயரத்தை மாற்றாத வரைக்கும், நாள் முழுக்க ஜாப்களை அதில் போட்டுப் பார்க்கலாம். கோணலான பிளாக் ஒன்றை வைத்தே நேரான பூஜ்யம் கிடைத்துவிட்டது. யாருடைய மாஸ்டரையும் நம்பவேண்டியதில்லை.

சிலிண்டர் ஸ்கொயர் என்று விற்பதும் இதே தத்துவம்தான். சென்டரில் போட்டு கிரைண்டிங் செய்த உருளை. அடிமுகம் அச்சுக்குச் செங்குத்தாகக் கிரைண்டிங் ஆகியிருக்கும், நடுவில் குழித்து விளிம்பு மட்டும் பிளேட்டில் உட்காரும். சுற்றிச் சுற்றிப் பார்த்து எண் மாறாமல் இருந்தால் நம்பலாம். ஆனால் உருளை டேப்பராக (ஒரு முனை பருத்து, ஒரு முனை சிறுத்து) இருந்தால் சுற்றும்போது எண் மாறாது, தவறு மட்டும் அப்படியே இருக்கும். இங்கும் மைக்ரோமீட்டர் மேலும் கீழும் போட்டே ஆகவேண்டும்.

ஒரு சந்தேகம் அடிக்கடி வரும்: சித்திரை வெயிலில் அளந்தால் 90 டிகிரி மாறிவிடாதா? அளவுகள் எல்லாம் 20 டிகிரி செல்சியஸுக்கு என்பது விதி. ஜாப் முழுவதும் ஒரே சூட்டில் இருந்தால் நீளம்தான் கூடும், கோணம் மாறாது. ஒரு பக்கம் சூடு, ஒரு பக்கம் குளிர்ச்சி என்றால்தான் வளையும். மெஷினிலிருந்து எடுத்த சூட்டோடு குளிர்ந்த கிரானைட் பிளேட்டில் வைத்து உடனே பார்க்கக்கூடாது என்பது இதனால்தான். ஒரு டீ குடித்துவிட்டு வந்து பார்க்கலாம்.

## கோணல் எங்கிருந்து வருகிறது

பெரும்பாலும் மெஷினைத்தான் திட்டுவார்கள். பெரும்பாலும் ஜாப்பைப் பிடிக்கும் வைஸ்தான் காரணம்.

1. வைஸின் அசையும் தாடை. இறுக்கும்போது அது லேசாக மேலே எழும், ஜாப்பையும் தூக்கும். முதலில் மில்லிங் செய்த பக்கத்தை அசையாத தாடையோடு அணைத்து, அசையும் தாடைக்கும் ஜாப்புக்கும் நடுவில் ஒரு உருண்டைக் கம்பி கொடுத்து இறுக்கினால், ஜாப் அசையாத தாடையோடு முழுதாகப் படியும். நைலான் சுத்தியால் தட்டிவிட்டு அடியில் தாங்கும் பேரலல் கட்டையைக் கையால் இழுத்துப் பாருங்கள். அது நகர்ந்தால் ஜாப் உட்காரவில்லை.
2. பர் (வெட்டிய ஓரத்தில் நிற்கும் பிசிறு), சிப்ஸ் (வெட்டுத் துணுக்கு). 50 மி.மீ அகல ஜாப்பின் ஒரு ஓரத்துக்கு அடியில் 0.05 மி.மீ துணுக்கு மாட்டினால், 100 மி.மீ-க்கு 0.1 கோணல். தலைமுடியைவிட மெல்லிய துணுக்கு அது. மட்டத்தின் உள்மூலையில் சின்னப் பள்ளம் விட்டிருப்பதே ஜாப்பின் மூலையில் நிற்கும் பர்ருக்கு இடம் கொடுக்கத்தான். ஆனாலும் பர்ரை அரம் போட்டு எடுக்காமல் அளக்காதீர்கள்.
3. மில்லிங் தலை. கட்டரைச் சுழற்றும் ஸ்பிண்டில் டேபிளுக்கு நட்டமாக இல்லையென்றால் எண்ட் மில் கட்டரின் ஓரத்தால் வெட்டிய சுவர் சாய்ந்தே வரும். ஸ்பிண்டிலில் டயலைக் கட்டி, டேபிளில் வட்டமாகச் சுற்றிப் பார்த்தால் நாலு பக்கமும் தெரிந்துவிடும்.
4. கட்டர் வளைவது. நீளமாக வெளியே நீட்டிய எண்ட் மில் வெட்டும்போது வளையும், சுவர் மேலே ஒரு அளவும் கீழே ஒரு அளவுமாக நிற்கும். கடைசியாக, அளவு மாற்றாமல் இன்னொரு ஓட்டம் விடுவது இதற்காகத்தான்.
5. அழுத்தம் விடுபடுவது. மெஷினில் கட்டியிருக்கும்போது நேராகக் காட்டும் ஜாப், கிளாம்பை அவிழ்த்ததும் தன் வழிக்குப் போகும். புது வார்ப்பாக இருந்தால் இன்னும் அதிகம். ரஃப் மில்லிங் முடித்து, அவிழ்த்து, சில நாள் போட்டுவைத்து ஃபினிஷ் செய்வது நேர விரயம் மாதிரித் தெரியும். ரிஜெக்ட் ஆன லாட்டைத் திரும்ப ஏற்றி வரும் டெம்போ வாடகையோடு ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும்.

## சிஎம்எம் சொன்னால் முடிந்ததா

சிஎம்எம் (கம்ப்யூட்டரோடு சேர்ந்த அளவெடுக்கும் மெஷின்) பக்கத்தைத் தடவிப் பார்ப்பதில்லை, புள்ளிகளைத் தொடுகிறது. நாலு புள்ளி தொட்டால் நாலு புள்ளியிலிருந்து ஒரு தளத்தைக் கணக்குப் போடும். பல மென்பொருள்களில் அது சராசரித் தளம். சர்ஃபேஸ் பிளேட்டில் நிறுத்தினாலோ ஜாப் தன் மேடுகளின் மேல் உட்காருகிறது. அடிப்பக்கம் சமமாக இருந்தால் இரண்டும் ஒன்றுதான். மேடுபள்ளம் இருந்தால் இரண்டு எண் வரும். 40 மி.மீ போன்ற குட்டை டேட்டத்தில் அந்தச் சின்ன வித்தியாசமும் நான்கு மடங்காகும். எனவே ரிப்போர்ட்டில் எண்ணைப் பார்ப்பதற்கு முன், டேட்டத்தில் எத்தனை புள்ளி எங்கே எடுத்தார்கள் என்று கேட்பது குறை சொல்வதாகாது.

## கம்பெனிக்கு இது ஏன் இவ்வளவு பெரிய விஷயம்

ஒரு மி.மீ-யில் நூறில் மூன்று பங்குக்கு இவ்வளவு சண்டையா என்று தோன்றும். மோட்டார் கவரின் ஃபேஸ் 150 மி.மீ விட்டத்தில் 0.05 சாய்ந்திருந்தால், அங்கிருந்து 300 மி.மீ நீண்டு போகும் ஷாஃப்ட்டின் முனை 0.10 விலகும். அந்த முனையில் தண்ணீரைத் தள்ளும் இம்பெல்லர் சக்கரம் இருக்கிறது. பேரிங் ஒருபக்கமாகச் சுமை தாங்கிச் சூடேறும், சீல் ஒருபக்கமாகத் தேயும், பம்ப் இரையும். கிணற்றிலோ போர்வெல்லிலோ இறக்கிய பின் அதை வெளியே எடுக்க ஆகும் செலவை விவசாயிதான் கொடுக்கிறார். பிறகு கம்பெனி கொடுக்கும். கடைசியில் சுற்றி ஜாப் ஆர்டர் பட்டறைக்கே வரும்.

## திரும்பி வந்த 40 பிராக்கெட்

ரிஜெக்ட் தாளைப் பார்த்ததும் கை தானாகப் போவது 160 மி.மீ பக்கத்துக்குத்தான், அதைத்தானே கோணல் என்று எழுதியிருக்கிறார்கள். அதை மறுபடி வெட்டினால் சுவர் மெலியும், ஓட்டைகளின் தூரம் மாறும், ஜாப் உண்மையிலேயே ஸ்கிராப் ஆகும். கோணலை உண்டாக்கியது 40 மி.மீ அடியில் இருக்கும் அந்த 0.01 மேடு. உயர அளவில் 0.02 குறைக்க டிராயிங்கில் இடம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, 160 பக்கத்தை ஆங்கிள் பிளேட்டோடு (90 டிகிரி தாங்கி) அணைத்துக் கட்டி, சர்ஃபேஸ் கிரைண்டரில் அடிப்பக்கத்தை மட்டும் தொட்டு எடுத்தால் போதும். அப்புறம் அதே அடிப்பக்கத்தின் மேல் நிறுத்தி, டயலில் பார்த்து, ஒவ்வொரு ஜாப்புக்கும் வந்த எண்ணை எழுதி, எதை டேட்டமாக வைத்துப் பார்த்தோம் என்பதையும் சேர்த்து அனுப்பவேண்டும்.